வெறும் வண்டிக்குத் தார்ப்பாய்

உக்காருங்க தம்பி. அந்த ஜாக்கி மேல வேண்டாம், கிரீஸ் ஒட்டிக்கும். இந்தச் சாக்கை இழுத்துப் போட்டுக்குங்க. ரசஞ்சோறுதான். நாக்பூர்ல வந்து ரசஞ்சோறு திங்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும், கூச்சப்படாம வாங்கிக்குங்க. அப்பளம் நமுத்துப்போச்சு, அதுக்கு நான் பொறுப்பில்ல.

என்ன கேட்டீங்க? இன்னொருக்கா கேளுங்க. துளசியக்கா லாரி சர்வீஸ்ல வண்டியைச் சேர்த்தலாமா, நாயமா லோடு குடுப்பாங்களான்னா கேட்டீங்க? நல்ல ஆளைப் பார்த்துத்தான் கேட்டீங்க போங்க. அந்தத் துளசியக்கா ஆருன்னு தெரியுமா? என்ற ஊட்டுக்காரி.

அட, எந்திரிக்காதீங்க. சோத்துக்கு முன்னால உக்காந்துட்டுப் பாதியில எந்திரிக்கறதா? தெரியாமத்தான கேட்டீங்க, தப்பில்ல. ஊரு பரமத்தின்னு சொன்னீங்க, புதுசா வண்டி வாங்கியிருக்கறேன்னு சொன்னீங்க, நாலு பேர்கிட்ட விசாரிக்கத்தான் வேணும். நானும் ஒளிக்காமச் சொல்றேன். சேராதீங்க. ஆரு சர்வீஸ்லயும் சேராதீங்க. வண்டி நம்முளுது, ஸ்டீரிங் நம்ம கையில. அப்பறம் நாம எந்த ஊருக்குப் போகோணும்னு இன்னொருத்தர் ஊட்டுக்குள்ள உக்காந்துட்டுப் போன்ல சொல்றதா? அதுக்கு நாலு எருமை வாங்கிக் கட்டிட்டு ஊரோட கெடக்கலாம்.

என்ன, என் வண்டியவே பாக்கறீங்க? தார்ப்பாய் கட்டி, கயிறு இழுத்து முடிச்சுப் போட்டு, லோடு ஏத்தின வண்டி மாதிரி இருக்குதே, அப்பறம் இந்த ஆளு ஏன் ஒரு வாரமா இங்கயே அடுப்பு மூட்டிட்டுக் கெடக்கறான்னு பாக்கறீங்களா? உள்ள ஒண்ணுமில்ல தம்பி. காத்துதான். வெறும் வண்டிக்குத் தார்ப்பாய் கட்டி வெச்சிருக்கறேன். சிரிக்காதீங்க. வர்ற வெள்ளிக்கிழமை என்ற மகளுக்கு உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்றாங்க. இன்னிக்குச் செவ்வாய். சாயங்காலத்துக்குள்ள கிளம்பினாத்தான் நான் போய்ச் சேர முடியும். பொண்ணப் பெத்த அப்பன் இங்க நாக்பூர்ல உக்காந்து புளி கரைச்சுட்டிருக்கறேன்.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். சாப்ட்டுட்டே கேளுங்க.

எனக்குச் சங்ககிரி. பேரு குழந்தவேல். முன்னால நான் சேலத்துக் கம்பெனி ஒண்ணுல வண்டியைச் சேர்த்தியிருந்தேன். அவங்களே லோடு புடிச்சுக் குடுப்பாங்க, நாம ஓட்டினாப் போதும், கமிஷன் எடுத்துக்குவாங்க. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. வண்டிக்குள்ள ஒரு பொட்டி வெச்சு உட்டாங்க, வண்டி எங்க நிக்குது, எங்க போகுதுன்னு அவங்களுக்குத் தெரியுமாம். டீ குடிக்க ஓரங்கட்டினாப் போன் வந்துரும். ஒரு பொண்ணு, இங்கிலீசும் தமிழும் கலந்து, 'சார், உங்க வண்டி ஏன் நிக்குது சார்?'ங்கும். அட அம்மணி, எனக்கு ஒண்ணுக்கு வருது, நின்னுதான போகோணும், அதையும் உன்ற கிட்ட சொல்லிட்டுத்தான் போகோணுமான்னு ஒரு நாள் கேட்டே போட்டேன். அதுக்கும் அந்தப் பொண்ணு 'ஓகே சார், எத்தனை நிமிசம் ஆகும் சார்'ங்குது. என்னத்தப் பண்றது?

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். ஊருக்குத் திரும்பற லோடே குடுக்க மாட்டாங்க. இந்தூர்ல எறக்கினா ஜெய்ப்பூருக்கும்பாங்க, ஜெய்ப்பூர்ல எறக்கினா லூதியானாங்கும் அந்தப் பொண்ணு. ஒரு தை நோம்பிக்கு நான் பனியில நடுங்கிட்டுப் பஞ்சாப்ல நின்னேன். ஊர்ல பொங்கப்பானை பொங்குது, இங்க என்ற மூக்கு ஒழுகுது. அன்னிக்கு அந்தப் பொட்டியைப் புடுங்கிப் போட்டுட்டு வெளிய வந்தவன்தான்.

அப்பத்தான் இவ கேட்டா. என்ற ஊட்டுக்காரி. 'ஏனுங்க, நானே லோடு கேட்டுப் பாக்கட்டுங்களா?'ன்னா. நான் சிரிச்சேன். நல்லாச் சிரிச்சேன். பத்தாவது பெயிலான பொம்பள, பவானியத் தாண்டினது கிடையாது, இவ நாக்பூர் சேட்டுகிட்டப் பேசி லோடு வாங்கறாளாம். சரி, கேளு, பொழுது போகட்டும்னு சொன்னேன்.

எனக்கு என்ன தெரியும், இவ இத்தன வருசமா நான் ஊட்டுல உக்காந்து போன் பேசறதையெல்லாம் அடுப்படியில இருந்து கேட்டுட்டே இருந்திருக்கறா. எந்த ஊர்ல எந்தப் புரோக்கர், எவன் சொன்ன சொல்லு காப்பாத்துவான், எவன் லோடு இருக்குதுன்னு கூப்பிட்டு வெச்சு மூணு நாள் காக்க வெப்பான், எந்த மாசம் எங்க பஞ்சு, எங்க மொளகா, எல்லாம் தலைக்குள்ள இருக்குது. இந்தி எப்படிப் பேசினான்னு கேக்கறீங்களா? எங்க லைன் வூட்டுல மில்லு வேலைக்கு வந்த பீகார்க்காரப் பொண்ணு ஒண்ணு குடியிருந்துச்சு. அதுகிட்டப் பேசிப் பேசிக் கத்துக்கிட்டா. அந்தப் பொண்ணு பேசற மாதிரியே பாசமா, இழுத்துப் பேசுவா. சேட்டுங்க கவுந்துட்டானுங்க. 'துளசி பெஹன்ஜி, துளசி பெஹன்ஜி'ன்னு உருகறானுங்க. பெஹன்ஜின்னா அக்கான்னு அர்த்தம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

பொய் சொல்லக் கூடாது, அந்த ஒரு வருசம் நல்லா இருந்துச்சு. சேலத்து ஜவ்வரிசி மூட்டை ஏத்திட்டு வடக்க வருவேன். எறக்கறதுக்கு முன்னாலயே இவ திரும்பற லோடு பேசி வெச்சிருப்பா. போனேன், வந்தேன், ஊட்டுல சோறு தின்னேன். அத்தோட நிறுத்தியிருந்தா நானே உங்களைச் சேரச் சொல்லியிருப்பேன்.

அவ நிறுத்தலியே. மொதல்ல அவ தம்பி வண்டி. அப்பறம் என்ற சேக்காளி வெப்படை சுப்புராயன் வண்டி. அப்பறம் ஆரு ஆரோ. இன்னிக்கு இருபது வண்டிக்கு மேல அவ சொல்ற ஊருக்குத்தான் ஓடுது. வாட்ஸ்அப்ல ஒரு குரூப்பு. வண்டி காலியானதும் அதுல சொல்லோணும், காலின்னு. அந்தப் பக்கத்துல மொதல்ல எவன் காலின்னு சொல்றானோ அவனுக்குத்தான் மொத லோடு. சீரியல்ங்கறாங்களே, அது. வரிசை. மாமனுக்கும் அதேதான், மச்சானுக்கும் அதேதான். பொட்டி கிட்டியெல்லாம் கிடையாது. நீங்க வாயில சொன்னா அதான் கணக்கு. 'டிரைவர் வார்த்தைய நம்பலைன்னா அப்பறம் எதுக்குங்க சர்வீஸு?'ன்னு கேப்பா. நல்ல வார்த்தைதான், நான் இல்லைங்கல.

ஆனா கட்டின புருசனுக்குமா சீரியலு? சொல்லுங்க நீங்க. ஒருக்கா இந்தூர்ல எனக்கு முன்னால சுப்புராயன் காலின்னு சொல்லிட்டான். எவ்வளவு முன்னால? ஒரு டீ குடிக்கற நேரம். ஈரோட்டு லோடு அவனுக்குப் போயிருச்சு. நான் ரெண்டு நாள் நின்னேன். ஏன் புள்ள, எனக்கொரு லோடு தள்ளி உடக் கூடாதான்னு கேட்டா, 'அவரு உங்களுக்கு முன்னாலயே காலிங்க'ன்னு சொல்றா. தாலி கட்டினவன் ரெண்டாவதா நிக்கறேன். கேட்டதுக்கு இன்னொண்ணும் சொன்னா. 'எப்ப வருவீங்கன்னு நான் எத்தன வருசம் கேட்டிருப்பேன்? ஒரு நாளாவது சொன்ன நாளைக்கு வந்திருப்பீங்களா? இப்ப ரெண்டு நாள் நிக்கறதுக்கு இந்தக் குதி குதிக்கறீங்க'ன்னா. இதுக்கும் அதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்? நான் என்ன வேணும்னா வராம இருந்தேன்? ரோட்டுல ஓடறவன் பொழப்பு அப்படி. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க புரியுது.

சங்ககிரி டீக்கடைக்குப் போனா, முன்ன 'குழந்தவேலு, வா'ம்பாங்க. இப்ப 'துளசியக்கா வூட்டுக்காரரு வந்திருக்கறாரு, ஒரு சேர் போடு'ங்கறாங்க. சேர் கெடைக்குது, இல்லைங்கல. பேரு போச்சே.

இதெல்லாம்கூட நான் பெருசா எடுத்துக்கல. சரி, பொம்பள முன்னேறட்டும்னு பெருந்தன்மையா உட்டுட்டேன். உண்மையான விசயம் என்னன்னா... ரசம் இன்னும் ஊத்தட்டுமா? வேண்டாமா? சரி.

அவ டிரைவருங்ககிட்டப் பேசறதை நீங்க கேட்டிருக்கோணும். 'சொல்லுங்ணா. சாப்ட்டீங்ளாங்ணா? வண்டி எங்கீங்ணா?' ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்ணா'. பொழுதன்னிக்கும் இதே. கனவுலயும் 'ஏத்திக்கிங்ணா, ஏத்திக்கிங்ணா'ங்கறான்னு என்ற மக சொல்லிச் சிரிக்கும். என்னைய அவ கண்ணாலம் ஆன நாள்ல இருந்து 'ஏனுங்க'ன்னுதான் கூப்பிடுவா. கோவம் இல்லாத நாள்ல 'மாமா'ம்பா. அவ்வளவுதான். பேரு சொன்னதில்ல.

போன மாசம் ஒரு நாள், குரூப்புல, எல்லாரும் கேக்கற மாதிரி, வாயில பேசி அனுப்பறாங்களே, அதுல அனுப்பறா: 'குழந்தவேலண்ணா, நீங்க அகோலா போயி பஞ்சு ஏத்திக்கிங்ணா.'

அண்ணா! என்னைய! தொட்டுத் தாலி கட்டினவனை!

நான் ரோட்டோரத்துல நிறுத்தி இன்னொருக்கா கேட்டேன். அதேதான் வருது. அதுக்குள்ள குரூப்புல ஆரம்பிச்சுட்டானுங்க. ஒருத்தன் கண்ணுல தண்ணி வர்ற மாதிரிச் சிரிக்கற படம் போடறான். ஒருத்தன் 'மச்சான்னு நெனச்சுட்டிருந்தமே, பங்காளி ஆயிட்டீங்களே'ங்கறான். இந்தச் சுப்புராயன் இருக்கறானே, 'மாப்ள, வடக்கதான இருக்கற, அப்படியே ஒரு ராக்கிக் கயிறு வாங்கிட்டு வந்துரு, தங்கச்சி கட்டி உடும்'னு போடறான். ராக்கிக் கயிறாம். அகோலாவுல பஞ்சு ஏத்தறவன் தமிழ் தெரியாதவன், அவன்கூட என்னையப் பார்த்துச் சிரிக்கற மாதிரியே இருந்துச்சு.

கூப்பிட்டேன் அவளை. அவளும் சிரிக்கறா! 'அய்யோ, வாய் தவறி வந்துருச்சுங்க, வரிசையா அஞ்சாறு பேருகிட்டப் பேசிட்டிருந்தேன், அதே வாயில வந்துருச்சு'ங்கறா. சரி, வந்துருச்சு. குரூப்புல எல்லாரும் கேக்கற மாதிரி, தெரியாமச் சொல்லிட்டேன், அவரு என்ற ஊட்டுக்காரருன்னு ஒரு வார்த்தை சொல்லுன்னேன். சொன்னா என்ன, கொறஞ்சா போயிருவா? 'அது எல்லாருக்கும் தெரியுமேங்க, அதைப் போயி எதுக்குங்க சொல்லிட்டு? ஒசூர்ல ஒரு வண்டி மழையில நிக்குது, அப்பறம் பேசறேன்'னு வெச்சுட்டா. எனக்கு மானம் போகுது, அவளுக்கு ஒசூர்ல மழை.

குரூப்பை உட்டு வெளிய வந்துட்டேன். ஆமாங்க. ஒரே அமுக்கு. 'குழந்தவேல் வெளியேறினார்'னு எல்லாருக்கும் காட்டுமாமே, காட்டட்டும். அவ சர்வீஸ் இல்லாம நான் வண்டி ஓட்டினதே இல்லையா? அவ ரசத்துக்கு மொளகு இடிச்சுட்டிருந்த காலத்துல நான் கல்கத்தா போனவன். நானே லோடு புடிச்சேன். நானே ஜவ்வரிசி ஏத்தினேன். நானே இங்க வந்து எறக்கினேன். எறக்கிட்டு, நெஞ்ச நிமித்திட்டு, திரும்பற லோடுக்கு இங்க புரோக்கருங்களைப் பார்க்கப் போனேன்.

இப்பத்தான் கேளுங்க. மொதப் புரோக்கரு, எனக்குப் பத்து வருசப் பழக்கம், வண்டி நம்பரு கேட்டான். சொன்னேன். 'அட, இது துளசி பெஹன்ஜி வண்டியாச்சே! அவங்களைக் கேட்டுட்டுத்தான் குடுப்போம், போன் பண்ணச் சொல்லு'ங்கறான். டேய், வண்டி என்னுதுடா, ஆர்சி புக்குல என்ற பேருடான்னா, 'இருக்கட்டும் பாய், அந்தம்மா மனசு கோணக் கூடாது'ங்கறான். ரெண்டாவது ஆளுகிட்டப் போனேன், அதே பேச்சு. மூணாவது ஆளு டீ வாங்கிக் குடுத்து உக்கார வெச்சு, பெஹன்ஜி ஊட்டு ஆளுன்னு தோள்ல கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டான். லோடு மட்டும் குடுக்கல. ஊரு முழுக்கக் கதவு தெறந்திருக்குது தம்பி, ஒவ்வொரு கதவுலயும் இவ நிக்கறா.

கூப்பிட்டுச் சொல்லிர வேண்டியதுதானங்கறீங்களா? அவ கூப்பிடட்டும்னு இருந்தேன். கூப்பிடத்தான் செஞ்சா. தெனமும் கூப்பிடறா. ஆனா எதுக்கு? நிச்சயத்துக்குப் பந்தல் சொல்லியாச்சு, சமையல்காரர் வந்து பார்த்துட்டுப் போனாரு, மாப்பிள்ளை ஊட்டுல இருந்து எத்தன ஒறம்பர வருவாங்க, இதே பேச்சு. கடைசியா, 'நீங்க வந்துருவீங்கல்ல?'ன்னா. அந்தக் கேள்வியில எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. வந்துருவீங்கல்லன்னா என்ன அர்த்தம்? என்ற மக நிச்சயத்துக்கு நான் வராம இருப்பனா? சுருக்குன்னு வந்துச்சு. 'லோடு ஏத்திட்டேன், வந்துட்டேதான் இருக்கறேன்'னு சொல்லிட்டேன்.

சொன்னது வந்துருச்சு வாயில. அப்பறம் திரும்ப எடுக்க முடியுமா? தெனமும் அவ கூப்பிடற நேரத்துக்கு இஞ்சினை ஓட உட்டுட்டுத்தான் பேசறேன். நடுவுல ஹார்ன்கூட அடிக்கறேன். நேத்து, 'இப்ப எங்க வந்துட்டிருக்கறீங்க?'ன்னு கேட்டா. ஐதராபாத் தாண்டிட்டேன்னு சொன்னேன். வழியில சுங்கத்துல காசு புடிச்சா அந்த மெசேஜு அவ போனுக்குத்தான் போகும், அவ சர்வீஸ்ல இருந்தப்பக் குடுத்த நம்பரு, மாத்தாமயே உட்டுட்டேன். ஆனா இருபது வண்டியோட மெசேஜுல அவ என்ற வண்டியுதை எங்க போய்த் தேடிப் பாக்கப் போறா? அவ ஒண்ணுமே கேக்கல. 'பார்த்துப் பைய வாங்க'ன்னு மட்டும் சொன்னா.

இந்தத் தார்ப்பாயும் அதுக்குத்தான். அவ குரூப்பு வண்டி எதாச்சும் இந்தப் பக்கம் வந்தா, குழந்தவேலு காலியா நிக்கறான்னு சொல்லிருவானுங்கள்ல? லோடோட நின்னா, டயரு பஞ்சர்னு சொல்லிக்கலாம். அதான் கட்டி வெச்சேன். தனியாக் கட்டினேன், தோள்பட்டை ரெண்டு நாள் வலிச்சுது.

ரயில்ல போகலாமேன்னு நெனைப்பீங்க. வண்டியை ஆரு பாத்துக்கறது? போன தடவை ஒருத்தன் அந்த மூலையில உட்டுட்டுப் போனான், வந்து பார்த்தா வண்டி கல்லு மேல நிக்குது, டயரு ஒண்ணுகூட இல்ல. சரி, காலியாவே ஓட்டிட்டுப் போகலாம்னா டீசலுக்கு அவகிட்டத்தான் கேக்கோணும். நிச்சயத்துக்குன்னு இருந்த காசையெல்லாம் அவ கையில குடுத்துட்டு வந்துட்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுது தம்பி. நேத்து என்ற மக பேசுச்சு. நவீனான்னு பேரு. 'அப்பா, நான் எந்தச் சேலை கட்டட்டும், நீ வந்து பார்த்துட்டுச் சொல்றயா?'ன்னு கேட்டுச்சு. போனை வெச்சுட்டு அழுதுட்டேன். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன வெக்கம். இந்த ஸ்டீரிங்கப் புடிச்சுட்டு அழுதேன்.

சரி, உடுங்க. உங்க விசயத்துக்கு வருவோம். நீங்களும் காலிதான? ஊருப் பக்கம் லோடு வேணும், அவகிட்டக் கேக்கோணும், அவ்வளவுதான? கூப்பிடுங்க. நான் சேராதீங்கன்னு சொன்னது என்ற கருத்து, உங்க பொழப்பு உங்க இஷ்டம். உங்க மாமன் வண்டி அவகிட்ட ஓடுதுன்னீங்களே, கந்தம்பாளையத்து மாமன், அவரு பேரைச் சொல்லுங்க, போதும். என்னையப் பத்தி மூச்சு உடக் கூடாது. ஸ்பீக்கர்ல போடுங்க, அவ புது ஆளுகிட்ட எப்படிப் பேசறான்னு நானும் கேக்கறேன். அப்பறம் ஒண்ணு. பக்கத்துல இன்னொரு வண்டியும் காலியா நிக்குது, ரெண்டு லோடு இருக்குதுங்களான்னு கேட்டுப் பாருங்க. வண்டி ஆருதுன்னு கேட்டா, பேரு தெரியாது, தெரிஞ்சவருன்னு சொல்லிருங்க. ரெண்டு லோடு இருந்தா, ஒண்ணை எப்படியாச்சும் நான்... அது பின்னால பாத்துக்கலாம். போடுங்க. உஸ், ரிங் போகுது.

...

வெச்சுட்டாளா?

ரசம் ஆறிப்போச்சு. குடிங்க நீங்க.

நல்லாத்தான் பேசறா, இல்லைங்களா? எடுத்ததும் சாப்ட்டீங்ளாங்ணான்னு கேட்டா பாத்தீங்களா? நீங்க சாப்ட்டுட்டிருக்கறேன்னு சொன்னதும், 'ரசஞ்சோறுங்ளா?'ன்னு கேட்டா. எப்படிக் கண்டுபுடிச்சான்னு தெரியல. வேற என்னத்தை ஆக்குவான் டிரைவருன்னு நெனச்சிருப்பா.

என்ன சொன்னா, இன்னொருக்கா சொல்லுங்க. இல்ல, என்ற காதுலயும் உழுந்துது. இருந்தாலும் சொல்லுங்க. ம். 'ஒரு லோடுதான் இருக்குதுங்ணா. பஞ்சு, வெப்படை மில்லுக்கு. அதையும் நான் ஒரு வாரமா ஆருக்கும் குடுக்காம எங்க ஊட்டுக்காரருக்குன்னு சொல்லி வெச்சிருந்தேன். சீரியல மீறி வெச்சிருந்தேன், தப்புத்தான். அவரு வேற லோடு ஏத்திட்டு வந்துட்டிருக்கறேன்னு சொல்லிட்டாரு. அவரு வாயில சொன்னா அதான் கணக்கு.' இதேதான? ஒரு வாரமா வெச்சிருந்தாளாம். எனக்குன்னு. வரிசையில நிக்கறவனையெல்லாம் தள்ளிட்டு.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? திமிருதான?

அப்பறம் கடைசியா ஒண்ணு சொன்னாளே. 'பக்கத்து வண்டிக்காரருக்கு வேணும்னா, அவரே எனக்குக் கூப்பிடட்டுங்ணா. மூணு மணி வரைக்கும் போனைக் கையிலயே வெச்சிருக்கறேன். அதுக்குள்ள அவரு வாயைத் தொறந்து கேட்டா அவருக்கு. இல்லைன்னா நீங்க ஏத்திக்கிங்ணா.' பாத்தீங்களா? ஆரு எவருன்னே தெரியாத வண்டிக்காரனுக்கு எவ்வளவு எறக்கம் காட்டறா! ஊட்டு ஆளுக்குத்தான் இல்ல.

என்ன, அப்படிப் பாக்கறீங்க? என்ன சொல்றீங்க, நான்தான்னு அவளுக்குத் தெரியும்ங்கறீங்களா? அதெப்படித் தெரியும்? தெரிஞ்சா சும்மா இருப்பாளா அவ? கிழிச்சுத் தொங்க உட்டுருக்க மாட்டா? நீங்க சின்னப் பையன், உங்களுக்கு அவளைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

குடுங்க அந்தப் போனை. இல்ல, வேண்டாம், உங்க போன்ல எதுக்கு. என்னுதுலயே கூப்பிடறேன். இருங்க, கையைக் கழுவிட்டு வர்றேன்.

எவ்வளவு மணி? ரெண்டரையா?

கூப்பிட்டு என்னன்னு சொல்றது தம்பி? நான் ஐதராபாத் தாண்டல, நாக்பூர்லதான் இருக்கறேன், இஞ்சினைச் சும்மா ஓட உட்டுட்டு உன்னைய ஏமாத்தினேன்னு சொல்றதா? 'அவரு வாயில சொன்னா அதான் கணக்கு'ன்னு முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்டச் சொல்றா. எல்லாம் அவ கைக்குப் போயிருச்சு, லோடு போயிருச்சு, பேரு போயிருச்சு, டீக்கடையில என்ற பேருகூட அவ பேருக்குப் பின்னாலதான் வருது. எனக்குன்னு அவகிட்ட மிச்சம் இருக்கறது அந்த ஒரு சொல்லுதான். அதையும் நானே என்ற வாயால கெடுத்துக்கோணுமா? நீங்க கலியாணம் ஆனவரா? ஆகலியா? அப்பப் புரியாது.

பாக்கலாம். இன்னும் நேரம் இருக்குது. வேற ஆராச்சும் லோடு குடுப்பான். அந்த மூலைக்கடைப் புரோக்கரு சாயங்காலம் வர்றேன்னு சொல்லியிருக்கறான்.

எந்திரிச்சுட்டீங்களா? போங்க, போயி ஏத்திக்குங்க. எனக்காக நிக்காதீங்க. சொல்றேன்ல, போங்க, மூணு மணி ஆகப்போகுது. பஞ்சு லோடு, பார்த்துக் கட்டுங்க, கயிறு தளர உட்டுராதீங்க. சேர்ந்துக்குங்க தம்பி அவ சர்வீஸ்ல. நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. நல்லா நடத்துவா.

வெள்ளிக்கிழமை காலையில மில்லுல எறக்கிருவீங்க. அங்கிருந்து எங்க ஊடு பக்கந்தான். பந்தல் போட்டிருக்கும், தேட வேண்டியதில்ல. கட்டாயம் போயிச் சாப்ட்டுட்டுப் போங்க. நவீனா பச்சைச் சேலை கட்டியிருந்தா நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க. பொண்ணுக்கு அப்பன் எங்கன்னு அங்க ஆராவது கேட்டாங்கன்னா, வழியில பார்த்தேன், வந்துட்டே இருக்கறாருன்னு சொல்லிருங்க.